கன்று நடுவதும் காப்பதும்

அந்நிய தேசத்திற் பிறந்து, வேறொரு நாட்டிற் குடியேறி, அந்நாட்டு மண்ணையே தம் வாழ்நாள் வேலையாகக் கொண்ட விவசாய முன்னோடிகளின் சரித்திரங்கள் பல உண்டு. அவற்றைப் படிக்குங்கால், அவர்கள் கொணர்ந்த புதுப் பயிரையும் புதுக் கால்நடையையும் கண்டு வியக்கிறோமேயன்றி, கொணர்ந்தபின் அவர்கள் பட்ட பாட்டை நாம் கவனிப்பதில்லை. உண்மையில் ஒருவரை முன்னோடி என்னும் பெயருக்கு உரியவராக்குவது அந்தப் பாடே என்பது நமது அபிப்பிராயம். இதற்கு உதாரணம் தேடித் தூரதேசம் செல்லவேண்டியதில்லை. புதுச்சேரிப் பட்டணத்திலேயே ஒருவர் இருந்தார்.

பழைய பேருந்து நிலையத்திற்கருகில் உள்ள தாவரத் தோட்டத்தை நம் வாசகர்களிற் பெரும்பாலோர் கண்டிருப்பர். 1826-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் அமைத்த அத்தோட்டத்தை நெடுங்காலம் நடத்திவந்தவர் சாமுவேல் பெரோத்தே என்பவர். சுவிட்ஸர்லாந்திற் பிறந்த இவர், பாரிஸ் நகரத்துத் தாவரத் தோட்டத்தில் தோட்டவேலை பழகியவர். 1819-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கப்பலேறி ஜாவா, மணிலா முதலிய இடங்களுக்குச் சென்று, பயன்தரும் செடிகளைச் சேகரித்துப் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளிற் சேர்ப்பித்தார். பின்னர் ஆப்பிரிக்காவிலுள்ள செனிகல் நாட்டிற் சில ஆண்டுகள் கழித்து, அந்நாட்டுத் தாவரங்களைப் பற்றி வேறிருவருடன் சேர்ந்து நூல் இயற்றினார்.

அக்காலத்தில் புதுச்சேரியில் அவுரிச் சாயம் தோய்த்த நீலத்துணி செனிகலுக்கு ஏற்றுமதியாகி, அங்கே பிசினுக்குப் பண்டமாற்றாய் விற்றது. அவ்வர்த்தகத்தின் இரு கரைகளையும் நேரிற் கண்ட பெரோத்தே, அவுரிச் சாகுபடியையும் சாயம் எடுக்கும் முறையையும் விவரித்து 1842-இல் ஒரு நூல் வெளியிட்டார். 1830-களிலேயே புதுச்சேரிக்கு வந்து பணியாற்றிய அவர், 1843-இல் மீண்டும் வந்து, 1870-இல் இவ்வூரிலேயே காலமாகும்வரை இங்கேயே தங்கிவிட்டார்.

இவர் வாழ்க்கையிலிருந்து இரண்டு நிகழ்ச்சிகளை மட்டும் நம் விவசாயிகள் முன் வைக்க விரும்புகிறோம்.

முதலாவது, முசுக்கட்டைச் செடியைப் பற்றியது. 1821-இல் பெரோத்தே மணிலாவிலிருந்து ஒருவகை முசுக்கட்டையைக் கொணர்ந்தார். அகன்ற இலையுடையது, பட்டுப்புழுவுக்கு ஏற்ற தீனி, வெட்டிய குச்சியை நட்டாலே எளிதில் துளிர்ப்பது. சில ஆண்டுகளில் அது அமெரிக்காவுக்கும் பரவிற்று. அங்கோ ஜனங்கள் பட்டுப்புழுவை மறந்து, கன்றை வாங்கிக் கன்றை விற்பதிலேயே இறங்கினர். விலை நாளுக்கு நாள் ஏறிற்று. 1839-இல் ஒரேயடியாக விழுந்தது. கடன் வாங்கி வாங்கியவர்கள் நஷ்டமடைந்தனர். வடபகுதிகளின் கடுங்குளிரையும் அச்செடி தாங்கவில்லை. செடி நல்ல செடிதான். அதைத் தம் நிலத்திற் பரீக்ஷை செய்து பாராமல் பெரும்பணம் போட்டதே பிழை.

இரண்டாவது, நீலகிரியில் நிகழ்ந்தது. 1835-இல் கல்கத்தாவிலிருந்து வந்த தேயிலைக் கன்றுகள் கேத்தியில் இருந்த சர்க்கார் பரீக்ஷைப் பண்ணையில் நடப்பட்டன. சீக்கிரத்திலேயே அப்பண்ணை கைவிடப்பட்டு, அதன் கட்டடம் புதுச்சேரிக் கவர்னர் சேன் சிமோன் பிரபுவின் வாசத்திற்கு விடப்பட்டது. அங்கு சென்ற பெரோத்தே, பராமரிப்பின்றிக் கிடந்த கன்றுகளை அருகிற் சென்று பார்த்தார். தோட்டக்காரன் அறியாமையால் அடித்தண்டு புதையும்படி மிக ஆழமாக நட்டிருந்ததே அவை வளராமைக்குக் காரணமென்று கண்டு, அதைத் திருத்தச் செய்தார். 1838-இல் அச்செடிகள் நான்கடி உயரம் வளர்ந்து பூவும் காயுமாய் நின்றன. நீலகிரித் தேயிலைத் தோட்டங்கள் விரிந்து பரந்தது பிற்காலத்திற் பலர் செய்த முயற்சியால். எனினும், அம்மலையில் அச்செடி செழித்து வளரும் என்பதை மெய்ப்பித்துக் காட்டியவற்றுள் அந்தச் சில கன்றுகளும் சேரும்.

கன்றைக் கல்கத்தாவிலிருந்து கொணர ஆன செலவும் பிரயாசையும் அதிகம். நட்டபின் அதன் அடிமண்ணை விலக்கிப் பார்க்க ஒருவர் இல்லாதிருந்தால் அவ்வளவும் வீணாகியிருக்கும். நம் கிராமங்களில் இன்று நடப்பது என்ன? மழைக்காலந்தோறும் கன்றுகள் வழங்கப்படுகின்றன. இத்தனை கன்று கொடுத்தோம் என்று கணக்கு எழுதப்படுகிறது. இத்தனை கன்று பிழைத்தது என்று எழுதும் வழக்கமோ அரிது. இலவசமாக வந்ததுதானே என்று விவசாயியும் பட்டுப்போன கன்றைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அடுத்த ஆண்டு வேறு கன்று கேட்கிறார். ஏன் பட்டது என்று எவரும் கேட்பதில்லை.

பயிர் வேலை தலைக்குமேல் இருக்கையில் ஒவ்வொரு கன்றையும் பார்த்துக்கொண்டிருக்க இயலுமோ என்று சிலர் ஆட்சேபிக்கலாம். நாம் கேட்பது அவ்வளவு பெரிய காரியமன்று. மா ஒட்டுக்கன்றை நடும்போது ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே நிற்கிறதா என்று பார்த்தல். பப்பாளியின் அடித்தண்டைச் சுற்றி நீர் தேங்காமல் மண் அணைத்தல். புதிய ரகம் எதுவாயினும் முதலில் ஒரு மூலையிற் சிறிது பயிரிட்டு, ஒரு போகம் பார்த்தபின் விரிவாக்குதல். இவற்றிற்குப் பணம் வேண்டியதில்லை. கவனம் ஒன்றே வேண்டும்.

கிராம உத்தியோகஸ்தர்கள், கன்று வழங்கிய பதிவேட்டிலேயே ஓராண்டு கழித்துப் பிழைத்தவற்றின் தொகையையும், பட்டவற்றின் காரணத்தையும் குறிக்க ஓர் இடம் விடுதல் வேண்டும். காரணம் தெரியாவிடில், பட்ட கன்றை வேரோடு எடுத்துக்கொண்டு குரும்பாப்பேட்டில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திற் காட்டலாம். அவ்வாறு எழுதிவைத்த கணக்கு நாலைந்து ஆண்டுகள் சேருமாயின், எந்த மண்ணுக்கு எந்த மரம் ஏற்றது என்பதை ஒவ்வொரு கிராமமும் தானே அறிந்துகொள்ளும்.

பெரோத்தே நம் ஊரவர் அல்லர்; நம் பாஷையும் அவருக்குத் தாய்மொழியன்று. ஆயினும் இம்மண்ணில் கால் நூற்றாண்டுக்குமேல் நின்று செடிகளைக் கவனித்தார். பரம்பரையாக இந்நிலத்திற்கு உரியவர்களாகிய நாம், நட்ட கன்றை ஓராண்டுக் காலமேனும் கவனித்தல் தகும்.