யூதா என்ற அண்ணன்



நல்ல குணத்துக்கு வேதத்திலிருந்து ஓர் ஆளைச் சொல்லச் சொன்னால், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள்கூட யோசேப்பு என்பார்கள். அடிமையாக உழைத்தபோதும் சிறையில் கிடந்தபோதும் கோணாத மனிதர். ஆனால் ஆதியாகமத்தின் அதே பக்கங்களில் என்னை அதிகம் யோசிக்க வைப்பவர் அவருடைய அண்ணன் யூதா.

தம்பியைக் குழிக்குள் தள்ளிவிட்டுச் சகோதரர்கள் சாப்பிட உட்கார்ந்தபோது, கொன்றால் என்ன லாபம், விற்றுவிடலாம் என்று யோசனை சொன்னவர் இவர்தான். விலை 20 வெள்ளிக்காசு. யோசேப்புக்கு அப்போது வயது 17.

பிறகு யூதாவின் வீட்டிலேயே சாவு விழுந்தது. இரண்டு மகன்களைப் பறிகொடுத்தார். விதவையான மருமகள் தாமாருக்குக் கொடுத்த வாக்கையும் காப்பாற்றவில்லை. அவள் கர்ப்பமானதாகக் கேள்விப்பட்டு, எரித்துவிடச் சொன்னார். காரணமானவருடைய முத்திரையையும் கைக்கோலையும் அவள் அனுப்பிவைத்தாள். இரண்டும் யூதாவுடையவை. தன்னைவிட அவளே நீதியுள்ளவள் என்று ஒப்புக்கொண்டார். அவர் மாறத் தொடங்கியது அங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பஞ்சம் வந்தது. தானியம் வாங்க எகிப்துக்குப் போகும் அண்ணன்மாருடன் கடைக்குட்டி பென்யமீனை அனுப்ப அப்பா யாக்கோபுக்கு மனமில்லை. மூத்தவர் ரூபன் தன் இரு மகன்களின் உயிரைப் பணயம் வைத்தும் அவர் அசையவில்லை. யூதாவோ தானே பிணை நின்று, அழைத்துப் போனார். அங்கே பென்யமீனின் சாக்கில் வெள்ளிப் பாத்திரம் அகப்பட்டதும், அவனை விட்டுவிடுங்கள், அவனுக்குப் பதில் நான் அடிமையாக இருக்கிறேன் என்று மன்றாடினார். அதைக் கேட்ட பிறகுதான் எகிப்தின் அதிபதியாக எதிரே இருந்த யோசேப்பு, உடைந்து அழுது, தான் யார் என்று சொன்னார்.

விற்ற நாளுக்கும் இந்த நாளுக்கும் இடையே 22 ஆண்டுகள். இத்தனைக்கும் அப்பா மாறவில்லை. அவருக்கு இப்போதும் ஒரு செல்லப்பிள்ளை உண்டு. அன்று யூதாவைப் பொறாமைப்பட வைத்த அதே ஓரவஞ்சனை, இன்று அப்பாவின் மனசு தாங்காதே என்று அவரைத் தவிக்க வைக்கிறது.

'அவன் பிறவிக்குணம் அப்படி' என்று நாமும் வீட்டில் யாரையாவது ஒதுக்கி வைத்திருப்போம். அந்தத் தீர்ப்பு எந்த வருஷத்தது என்று இந்த மாதம் கொஞ்சம் யோசித்துப் பார்ப்போமா?

அன்புடன்,
ஆசிரியர்