அழகான படம் வேண்டாம், தேதி போட்ட படம் வேணும்

சனி, ஞாயிறோடு சேர்ந்து ஒரு லீவு வந்தால் போதும், திண்டுக்கல் – வத்தலக்குண்டு ரோட்டில் கார்கள் வரிசை கட்டும். எல்லாம் கொடைக்கானல் போறவை. கிழக்கே சிறுமலை, மேற்கே கொடைக்கானல் மலை, நடுவில் நம்ம காடு கரை. தென்னந்தோப்பும் பின்னால் மலையும் சேர்ந்து தெரியிற இடத்தில் சிலர் வண்டியை ஓரங்கட்டி இறங்குவாங்க. நாத்து நடுற பொம்பளைங்க, ரெண்டு கொக்கு, மலை மேல் ஒரு மேகம். நாலஞ்சு படம் எடுப்பாங்க. ஏறிப் போயிடுவாங்க.

இதில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நம்ம ஊர் நாலு பேர் கண்ணுக்கு அழகாத் தெரியுதுன்னா சந்தோஷம்தான். ஆனால் அந்தப் படங்களைப் பின்னால் இணையத்தில் பார்க்கும்போது ஒன்று உறுத்தும். அதில் இருக்கிறது எங்க ஊர் இல்லை. கரண்டுக் கம்பம் விழாமல் ரெண்டடி தள்ளி நின்னு எடுத்திருப்பாங்க. மோட்டார் ரூம் இருக்காது, சொட்டுநீர்க் குழாய் இருக்காது, வரப்பு ஓரம் கிடக்கிற உர மூட்டைச் சாக்கு இருக்காது. மாட்டு வண்டி இருக்கும். ஊரில் இப்போ காய் ஏத்திப் போறது குட்டியானை வண்டி, அது படத்தில் வராது. எல்லாப் படத்திலும் ஊர் பச்சைப் பசேல்னு இருக்கும். பங்குனி, சித்திரையில் வந்து யாரும் படம் எடுக்கிறதில்லையே!

நான் சொல்ல வர்றது இதுதான். ஊரை அழகா ஒரு தடவை எடுக்கிற படத்தைவிட, சாதாரணமா இருக்கிற ஒரே இடத்தை, ஒரே கோணத்தில், தேதி போட்டு, திரும்பத் திரும்ப எடுக்கிற படம்தான் ஊருக்கு உதவும்.

இதை நான் புதுசாக் கண்டுபிடிச்சுச் சொல்லலை. நீங்க சுற்றிப் பார்க்கப் போற அதே கொடைக்கானல் மலையில் நூறு வருஷத்துக்கு மேலாக இந்த வேலை நடந்துக்கிட்டிருக்கு. அங்கே இருக்கிற சூரிய ஆய்வகத்தைப் பலர் வெளியிலிருந்து பார்த்துட்டு வந்திருப்பீங்க. அது அங்கே வந்ததுக்குக் காரணம் நம்ம சம்சாரிகள் பட்ட பாடு. தாது வருஷப் பஞ்சம்னு பெரியவங்க சொல்வாங்களே, 1876–78-ல் வந்த பஞ்சம், அதில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் ஜனங்க செத்தாங்க. மழை ஏன் பொய்க்குது, சூரியனில் நடக்கிற மாற்றத்துக்கும் மழைக்கும் சம்பந்தம் உண்டான்னு பார்க்கணும்னு அதுக்கு அப்புறம் வந்த பேச்சில் பிறந்ததுதான் அந்த ஆய்வகம். 1899-ல் கொடைக்கானலில் அமைஞ்சுது. 1904-லிருந்து வானம் தெளிவா இருக்கிற நாளெல்லாம் சூரியனைப் படம் எடுத்து வச்சிருக்காங்க. முதலில் கண்ணாடித் தகட்டில், அப்புறம் ஃபிலிமில்.

யோசிச்சுப் பாருங்க. அதே சூரியன். அதே வட்டம். ஒரு நாள் படத்தைப் பார்த்தால் 'இதில் என்ன இருக்கு?'ன்னுதான் தோணும். 1909-ல் அங்கே வேலை பார்த்த ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமா ஓடுறதைக் கண்டுபிடிச்சார். இன்னைக்கும் அதுக்கு எவர்ஷெட் விளைவுன்னுதான் பேர். சூரியப் புள்ளியைப் பார்த்து மழை சொல்ற வித்தை மட்டும் இன்று வரை கைகூடலை. ஆனால் அந்தப் படங்கள் வீணாப் போகலை. புள்ளிகள் சுமார் 11 வருஷத்துக்கு ஒரு தடவை கூடிக் குறையிறதை, நூறு வருஷத்துக்கு வரிசையாப் பார்க்க உலகத்தில் இருக்கிற சில சேகரங்களில் அதுவும் ஒண்ணு. இப்போ அதையெல்லாம் கணினியில் ஏத்தி வச்சிருக்காங்க. எடுத்தவங்க எதுக்காக எடுத்தாங்களோ அதுக்கு உதவாமல், அவங்க நினைச்சே பார்க்காத ஒண்ணுக்கு உதவுது. தேதி போட்டு, விடாமல் எடுத்ததால் வந்த பலன் அது.

சூரியனுக்குச் சரி, நம்ம தோட்டத்துக்கு?

2017 வறட்சி ஞாபகம் இருக்கும். முந்தின வருஷம் வடகிழக்குப் பருவமழை ஏமாத்தி, நம்ம பக்கம் தென்னையெல்லாம் மட்டை தொங்கி நின்ன வருஷம். அப்போதிலிருந்து ஒவ்வொரு தமிழ் மாசமும் முதல் தேதி எங்க கிணற்றை ஒரே படியில் நின்னு செல்போனில் எடுத்து வைக்கிறேன். கலை எல்லாம் ஒண்ணும் இல்லை. கல்லுக் கட்டு, தண்ணி, ஒரு பைப். வரிசையா வச்சுப் பார்த்தபோது ஒன்று தெரிஞ்சுது. ஐப்பசியில் மழை கொட்டினாலும் எங்க கிணற்றில் ஊத்து ஏறுறது கார்த்திகை பாதிக்கு மேல்தான். மழை பெஞ்ச சந்தோஷத்தில் உடனே வெங்காயம் ஊன்றலாமா, பொறுக்கலாமான்னு இப்போ கிணற்றுப் படத்தைப் பார்த்துத்தான் முடிவு பண்றேன். மழை பெஞ்ச தேதி நம்ம மனசில் நல்லா நிக்கும். தண்ணி ஏறின தேதி நிக்காது.

இன்னொன்று. எங்க பக்கத்தில் கண்மாய்க்கு வர்ற ஒரு வரத்து வாய்க்கால் பல இடத்தில் தூர்ந்து, உழுது, வயலோடு வயலாப் போச்சு. அதைத் தோண்டணும்னு பேச்சு வந்தபோது, "இங்கே வாய்க்காலே கிடையாது, ஓடைத் தடம்தான்"னு சிலர் சாதிச்சாங்க. நாற்பது வயசுக்குக் கீழே இருக்கிறவங்க யாரும் அதில் தண்ணி ஓடிப் பார்த்ததில்லை. கடைசியில் ஒரு வீட்டுக் கல்யாண ஆல்பம்தான் கை கொடுத்துச்சு. மாப்பிள்ளை, பொண்ணு, சொந்தக்காரங்க வரிசையா நிக்கிறாங்க. அவங்க காலுக்குப் பின்னால் கரை கட்டின வாய்க்கால், அதில் தண்ணி. படம் எடுத்தவருக்கு வாய்க்கால் முக்கியமே இல்லை. அந்தப் படத்தை வச்சு ரெக்கார்டு எதுவும் மாறிடாது. ஆனால் 'கிடையவே கிடையாது'ங்கிற பேச்சு அன்னைக்கோட நின்னுச்சு. புலப்படத்தை எடுத்துப் பார்க்கலாம்னு ஊர் ஒத்துக்கிச்சு.

பயிர்க் காப்பீட்டிலும் இதே கதைதான். ஆலங்கட்டி மழை, வெள்ளம் தேங்குறது மாதிரி சேதம்னா 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்கணும். சேதமான வயலைப் படம் எடுக்க எல்லாரும் ஓடுவோம். அதுக்கு முந்தின வாரம் நல்லா நின்ன வயலை யார் எடுத்து வச்சிருக்கா?

"அதான் எல்லார் கையிலும் போன் இருக்கே, ஒரு நாளைக்கு நூறு படம் எடுக்கிறாங்களே, இன்னும் எதுக்கு?"ன்னு கேட்பீங்க. நூறு படம் எடுக்கிறோம், சரிதான். வாட்ஸ்அப்பில் படமா அனுப்பினதும் அதோடு இருந்த தேதி, இட விவரம் எல்லாம் கழண்டு போயிடுது, படமும் சுருங்கிடுது. போன் மாத்தும்போது மிச்சமும் போகும். அப்பா காலத்து ஆல்பத்தில் இருந்த பதினஞ்சு படம் இன்னும் இருக்கு. நாம நாலு வருஷத்துக்கு முன்னால் எடுத்தது எங்கேன்னு தேடினால் கிடைக்கலை.

சாதாரண விஷயத்தைப் பார்க்கிறதுக்கும் ஒரு கண் வேணும். மா. கிருஷ்ணன்னு ஒருத்தர் இருந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். கானுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். 1950-லிருந்து 1996-ல் இறக்கிற வரைக்கும் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கை பற்றி விடாமல் எழுதினார். காட்டு யானையைப் பற்றி எழுதின அதே அக்கறையோடு வீட்டு முற்றத்துக் காக்கா, அணில் பற்றியும் எழுதினவர். புலி பார்க்க எல்லாரும் போவாங்க. அணிலுக்கு நாப்பது வருஷம் பொறுமையா உட்கார ஆள் கிடைக்காது.

இன்னைக்குச் சாதாரணமா இருக்கிறது நாளைக்கும் அப்படியே இருக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்லை. அய்யலூர்ப் பக்கம் தேவாங்கு பெரியவங்களுக்குப் பழக்கமான பிராணி. அதைக் காப்பாத்த 2022-ல் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரைக் கடவூர் தேவாங்கு சரணாலயமா அறிவிக்க வேண்டியிருந்துச்சு. (அங்கே போனால் ராத்திரி பிளாஷ் அடிக்காதீங்க. அந்தக் கண்ணுக்கு அது தாங்காது.) எங்க வரப்புப் பனையும் அப்படித்தான். நிக்கும்போது யாரும் எண்ணலை. பனையை வெட்டணும்னால் கலெக்டர் அனுமதி வேணும்னு 2021-ல் அரசு அறிவிச்ச பிறகுதான், எத்தனை நின்னுச்சுங்கிற கேள்வியே எங்களுக்கு வந்துச்சு.

மனுஷங்களைப் படம் எடுக்கிறது பற்றியும் ஒரு வார்த்தை. எங்க தோட்டத்தில் களை எடுக்க வர்ற ஒரு அக்கா கேட்டாங்க: "எங்க முதுகை மட்டும் எதுக்குய்யா எடுத்துட்டுப் போறாங்க? மூஞ்சி என்ன பாவம் பண்ணுச்சு?" ரோட்டில் நின்னு ஜூம் போட்டு எடுத்தால் குனிஞ்ச முதுகுதான் விழும். வரப்பில் இறங்கி வந்து, "எடுக்கட்டுமாக்கா?"ன்னு கேட்டால் நிமிர்ந்து நிப்பாங்க. வேண்டாம்னு சொன்னால் விட்டுடணும். எடுத்தால் ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுங்க. இருபது ரூபாய்க்குள்தான் ஆகும்.

வர்ற தைப் பொங்கலுக்கு உங்க ஊருக்குப் போவீங்க. மாடு, கோலம், கரும்பு எல்லாம் எடுங்க, வேண்டாம்னு சொல்லலை. அதோடு மூணு படம் சேர்த்து எடுங்க. உங்க ஊர்க் கண்மாய் மடை, கிணறு, வீட்டு வாசலில் இருந்து தெருக்கோடி. எங்கே நின்னீங்க, எந்தத் திசை, என்ன தேதின்னு எழுதி வையுங்க. அடுத்த வருஷம் அதே இடத்தில் நில்லுங்க. இன்னும் ஆர்வம் இருந்தால், 2015-லிருந்து தமிழ்நாட்டில் நடக்கிற பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேரலாம். பதினஞ்சு நிமிஷம் நின்னு பார்த்ததை எழுதினால் போதும், காக்காயும் கணக்கில் வரும்.

முக்கியமா ஒன்று. அந்த மூணு படத்துக்கும் ஒரு காப்பி ஊரில் இருக்கட்டும். பஞ்சாயத்து ஆபீஸோ, பள்ளிக்கூடமோ, தாத்தா வீட்டு டிரங்குப் பெட்டியோ, எங்கேயாவது. இன்னும் முப்பது வருஷம் கழிச்சு "இங்கே தண்ணியே ஓடினதில்லை"ன்னு யாராவது சொல்லும்போது, எடுத்துக் காட்ட நீங்க அங்கே இருக்க மாட்டீங்க. படம் இருக்கணும்.