தாத்தா துறையூர், பேத்தி அகதி

என்னைச் சட்டவிரோதமாகக் குடியேறியவள் என்கிறது சட்டம். எங்கே குடியேறினேன், ஐயா? என் தாத்தா துறையூர்க்காரர். கங்காணி பேச்சை நம்பிக் கண்டிச் சீமைக்குப் போன மனுஷர். தோட்டத்துக்கு ஆள் சேர்க்க 1904இல் துரைமார் தொடங்கிய இலங்கைத் தொழிலாளர் கமிஷனுக்குத் தலைமை அலுவலகமே இந்தத் திருச்சியில்தான் இருந்தது. மண்டபம் கேம்ப்பில் அடைத்து நோய் நொடி பார்த்துக் கப்பலேற்றினார்கள். அதே மண்டபம் கேம்ப்பில்தான் 1990இல் நான் அகதியாகப் பதிந்தேன்.

நடுவில் நடந்ததையும் கேளுங்கள். 1948இல் இலங்கையில் சட்டம் போட்டு, நீங்கள் இந்த நாட்டு ஜனங்கள் இல்லை என்றார்கள். 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டுப் பங்கு பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம். ஆடு மாடு பிரிக்கிறவன்கூட ஒருமுறை அதன் முகத்தைப் பார்ப்பான். என் மாமனார் இந்தியாவுக்குத்தான் எழுதிக் கொடுத்தார். எங்கள் முறை வருவதற்குள் 83 கலவரம். மறுவருஷம் தலைமன்னார் கப்பலும் நின்றுபோனது. தோட்டத்து லயத்தை விட்டு வவுனியாவுக்கு ஓடினோம். அங்கேயும் குண்டு விழுந்தது. மன்னாரில் படகேறினோம். கப்பலில் வந்தவர் தாயகம் திரும்பியவர், படகில் வந்தவள் கள்ளக் குடியேறியா?

அப்போது எனக்கு முப்பது சொச்சம். இப்போது முட்டி மடங்காத கிழவி. கொட்டப்பட்டு முகாமில் பத்துக்குப் பத்து அறையில் பிள்ளை வளர்த்து, கல்யாணம் முடித்து, பிணமும் எடுத்தாயிற்று. என் வீட்டுக்காரர் பெயின்ட் அடிக்காத தெரு திருச்சியில் கிடையாது. ஒரு சுவர்கூட அவர் பெயரில் இல்லாமலே போய்ச் சேர்ந்தார். மாதாமாதம் ஆள் எண்ணும் செக்கிங் நாளில் காய்ச்சலென்றாலும் நேரில் நிற்க வேண்டும், பதிவை வெட்டிவிடுவார்களோ என்ற பயம். மகளைப் பார்க்கப் போய் நேரத்துக்குத் திரும்ப முடியாமல் போன ஒரு மாதம், பேரன் வயசு அதிகாரி ஒருவன், “எங்கே சுத்திட்டு வர்றே?” என்று கேட்டான். அவ்வளவு பேர் முன்னால். பதில் சொல்லாமல் கைநாட்டு வைத்துவிட்டு வந்தேன்.

சோறு போட்ட அரசைப் பழிக்க மாட்டேன். 2021இல் ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயரை மாற்றினார்கள், குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய் ஆக்கினார்கள், முகாம்களில் 7,469 வீடு கட்டுவதாக அறிவித்தார்கள். நல்லது. ஆனால் குடியுரிமை டெல்லி கையில். எங்களைப் போன்ற 65 பேர் வழக்குப் போட்டு, அவர்கள் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதி 2019 ஜூனில் தீர்ப்பெழுதினார். முகாமே அழுதது. அந்த டிசம்பரிலேயே குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது: பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான். இலங்கை இல்லை. நாங்கள் கும்பிட்டது எந்தச் சாமியை என்று பார்த்தார்கள்? 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில், இலங்கைத் தமிழர் ஒருவர் வழக்கில், இந்தியா தர்மசத்திரமல்ல என்று சொன்னார்கள். செப்டம்பரில், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிந்த இலங்கைத் தமிழருக்குத் தண்டனை கிடையாது என்று உத்தரவு வந்தது. தண்டனை இல்லையாம்! உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்ததற்கா?

ஆடி அமாவாசைக்கு மகனை ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துக்குக் கூட்டிப்போனேன். எள்ளும் தண்ணீரும் விடச் சொன்ன ஐயர், “பூர்வீகம் எது?” என்றார். துறையூர் என்றேன். ஒரு காகிதமும் கேட்காமல் மூன்று தலைமுறைப் பெயரையும் சொல்லித் தர்ப்பணம் முடித்தார். செத்தவர்களுக்கு ஊர் இருக்கிறது!

அங்கே பள்ளிகொண்டிருக்கும் ரங்கநாதரே இலங்கைக்குப் புறப்பட்டவர்தானே. விபீஷணன் தூக்கிக்கொண்டு போகும் வழியில் காவிரிக் கரையில் இறக்கி வைத்தான், பெருமாள் நகரமாட்டேன் என்றார். இன்றைக்கும் தெற்கே இலங்கையைப் பார்த்துத்தான் படுத்திருக்கிறார். அவருக்கு ஏழு மதில் கட்டிக் கும்பிடுகிறீர்கள். நான் அங்கேயிருந்து வந்தவள், தகரக் கூரைக்குக் கீழே கிடக்கிறேன்.

எங்கள் முகாமிலிருந்து ஒரு பெண் 2024 தேர்தலில் ஓட்டுப் போட்டாள். 1987 ஜூலைக்கு முன் இந்த மண்ணில் பிறந்தவள், அதனால் கோர்ட்டில் ஜெயித்தாள். என் பேத்தியும் திருச்சியில்தான் பிறந்தாள், ஆனால் 2004 டிசம்பருக்குப் பிறகு. பெற்றவர்கள் ‘சட்டவிரோதம்’ என்பதால் அவளும் இந்தியப் பிரஜை இல்லை. தலைக்கு மேல் கொழும்பு விமானம் போகிறதே தவிர, அந்த ஊரைக் கண்ணால் கண்டதில்லை. காலேஜ் விண்ணப்பத்தில் நாடு என்ற கட்டத்தைக் காட்டி, “என்ன எழுத, அப்பாயி?” என்கிறாள். நீங்களே வந்து எழுதிக் கொடுங்கள், ஐயா.