தங்கம் திரும்பிவிட்டது, வேலை?

2024 செப்டம்பர் இறுதிக் கணக்கின்படி ரிசர்வ் வங்கியிடம் இருந்த தங்கம் 854 டன். அதில் 510 டன் உள்நாட்டிலேயே, மும்பையிலும் நாக்பூரிலும் உள்ள பெட்டகங்களில் இருந்தது. லண்டனிலிருந்து தங்கம் தாய்நாடு திரும்பியதை வாட்ஸ்அப் தேசபக்தர்கள் திருவிழாவாகவே கொண்டாடினார்கள். அதே மாதம் மொத்த அந்நியச் செலாவணிக் கையிருப்பு 70,000 கோடி டாலரைத் தாண்டியது. 1991இல் தங்கத்தை அடகு வைத்த நாடு தலைநிமிர்ந்துவிட்டதாம். சரி, அந்த அடகுக்கு விலை கொடுத்தது யார்?

இந்தக் கதையை 1990 ஆகஸ்ட் முதல் வாரத்திலிருந்து படிக்க வேண்டும். ஆகஸ்ட் 2 அன்று ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. ஆகஸ்ட் 7 அன்று பிரதமர் வி.பி.சிங், ஒன்றிய அரசு வேலைகளில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு தரும் மண்டல் குழுப் பரிந்துரையை நிறைவேற்றப்போவதாக அறிவித்தார். இடையில் ஐந்தே நாட்கள். வட இந்தியத் தெருக்களில் ஆதிக்கச் சாதி மாணவர்கள் பேருந்துகளைக் கொளுத்திய அதே மாதங்களில்தான் ஒரு லட்சத்து எழுபதாயிரம் இந்தியர்கள் குவைத்தில் பிழைப்பை இழந்து ஊர் திரும்பினார்கள். முன்னதைச் சாதிக் கணக்கிலும் பின்னதைப் பொருளாதாரக் கணக்கிலும் எழுதியே பழகிவிட்டோம்.

குவைத்திலிருந்து வந்துகொண்டிருந்த பணம் நின்றது, கச்சா எண்ணெய் விலை ஏறியது. அதைவிட மோசமாக, இந்திய வங்கிகளில் டாலர் போட்டு வைத்திருந்த வசதி படைத்த வெளிநாட்டு இந்தியர்கள் அதை அவசர அவசரமாக எடுத்துக்கொண்டார்கள். 1991 ஜூனில் கையிருப்பு இரண்டு மூன்று வார இறக்குமதிக்குக்கூடப் போதாத அளவில் இருந்தது. மே மாதம் கடத்தல்காரர்களிடம் பறிமுதல் செய்த 20 டன் தங்கம் சுவிட்சர்லாந்து வங்கிக்குப் போனது. ஜூலையில் ரிசர்வ் வங்கியின் 46.91 டன் தங்கம் அடகாகக் கப்பலேறாமல் விமானமேறியது. கிடைத்தது ஏறத்தாழ 40 கோடி டாலர். அந்தக் கடன் சில மாதங்களில் அடைந்துவிட்டது.

அடையாத கடன் வேறு. ஜூலை 1, 3 தேதிகளில் ரூபாயின் மதிப்பு இருமுறை குறைக்கப்பட்டது. ஜூலை 24 தொழிற்கொள்கை, அரசுக்கு மட்டுமென ஒதுக்கியிருந்த 17 தொழில்களை 8 ஆக்கியது. பொதுத்துறைப் பங்குகளின் விற்பனையும் அந்த நிதியாண்டிலேயே தொடங்கியது. மண்டல் ஆணையோ நீதிமன்றத்தில் தேங்கிக் கிடந்தது. அது நடைமுறைக்கு வர 1993 செப்டம்பர் ஆனது. அதற்குள் பந்தி சுருங்கத் தொடங்கிவிட்டது. தலித், பழங்குடித் தோழர்கள் நாற்பதாண்டுப் போராட்டத்தில் பிடித்து வைத்திருந்த இடங்களும் அதே பந்தியில்தான் இருந்தன.

மண்டலை முறியடிக்கவே நெருக்கடியை உண்டாக்கினார்கள் என்று சொல்லும் தோழர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. நெருக்கடி உண்மையானது. அதிலிருந்து வெளியேற எந்த வாசலைத் தேர்ந்தார்கள், அந்த வாசலில் யார் மிதிபட்டார்கள் என்பதே என் கவலை.

இதை நமக்குக் கற்றுத்தந்தவர் அண்ணல் அம்பேத்கர். 1923இல் வெளியான அவருடைய 'ரூபாயின் சிக்கல்' நூலை நம் மேடைகளில் பெயர் சொல்வதோடு விட்டுவிடுகிறோம். ரூபாய்க்கு ஈடான கையிருப்பை ஆங்கிலேயர் லண்டனில் வைத்து நிர்வகித்த காலம் அது. அந்த ஏற்பாட்டைக் கெய்ன்ஸ் போன்ற பெரும் அறிஞர் மெச்சியிருந்தார். லண்டனில் படித்துக்கொண்டிருந்த ஒரு மகர் இளைஞர் அதை மறுத்து எழுதினார். ரூபாய் மலிந்தால் ஏற்றுமதியாளருக்கு லாபம். ஆனால் விலைவாசி ஏறும் வேகத்தில் கூலி ஏறாது. ஆகவே அது தேசத்தின் லாபமல்ல, கூலிக்காரரின் பையிலிருந்து முதலாளியின் பைக்குப் போகும் பணம் என்றார். 1925இல் ஹில்டன் யங் ஆணையத்தின் முன்பும் அவர் இதே நிலையில் நின்றார்.

டாலர் பெட்டகத்துக்கு எப்படி வருகிறது என்று பாருங்கள். ஒருவர் துபாயிலிருந்து பணம் அனுப்புகிறார், வீட்டுக்கு ரூபாய் கிடைக்கிறது, டாலர் வங்கிக்குப் போகிறது. சந்தையில் டாலர் மிகும்போது ரிசர்வ் வங்கி ரூபாய் கொடுத்து அதை வாங்கி, பெரும்பகுதியை அமெரிக்க அரசின் கடன் பத்திரம் போன்றவற்றில் போடுகிறது. 2024இல் இப்படி வெளிநாட்டிலிருந்து இந்தியக் குடும்பங்களுக்கு வந்த தொகை 12,900 கோடி டாலர் என்கிறது உலக வங்கி. அமெரிக்காவில் இருக்கும் மென்பொருள்காரர்களின் பங்கு இதில் பெரிதுதான். ஆனால் கட்டடச் சாரத்தில் நிற்பவரின் திர்ஹமும் இதில் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் ஏற்றுமதியும் டாலர் கொண்டுவருகிறது. 2015 ஜனவரி இறுதியில் இராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கழிவுச் சேற்றில் செத்தார்கள். கையிருப்பு அறிக்கை வாராவாரம் வெள்ளிக்கிழமை வருகிறது. அதில் இவர்களுக்கு வரி இல்லை.

கையிருப்பை எடுத்து எல்லோருக்கும் பங்கிடு என்று நான் கேட்கவில்லை. அதற்கு ஈடான ரூபாய் ஏற்கெனவே வெளியே போய்விட்டது. நாளை எண்ணெய் விலை ஏறினால் காப்பாற்றவும் அது வேண்டும். நான் கேட்பது வேறு. பொதுத்துறையைச் சுருக்க 1991இல் சொன்ன காரணம் காலியான கஜானா. 2021 பிப்ரவரியில், கையிருப்பு 58,000 கோடி டாலர் அளவில் இருந்தபோதுதான், பொதுத்துறையைக் குறைந்தபட்ச அளவுக்குக் கொண்டுவரும் கொள்கையை ஒன்றிய அரசு அறிவித்தது. அடுத்த ஜனவரியில் ஏர் இந்தியா டாடாவிடம் போனது, அதோடு அங்கிருந்த இட ஒதுக்கீடும் போனது. காலியான கஜானாவும் நிரம்பிய கஜானாவும் எப்படி ஒரே முடிவுக்குக் காரணமாகும்? தனியார் துறையில் இட ஒதுக்கீடு என்றதும் 'நாட்டின் பொருளாதாரம் தாங்காது' என்று தொலைக்காட்சி விவாதங்களில் சொல்பவர்களிடம் இந்த இரண்டு தேதிகளையும் வைத்துப் பதில் கேளுங்கள்.