திடலில்லா மலைக்கு மானியம் எப்படி?

புதுதில்லி: ஊராட்சிதோறும் விளையாட்டு வசதி என்று 2008-ல் மத்திய அரசு தொடங்கிய 'பைக்கா' திட்டம், 2014-ல் பெயர் மாறி, பின்னர் 'கேலோ இந்தியா'வில் கரைந்தது. விளையாட்டு மாநிலப் பட்டியலில் உள்ளதால், மைதான நிதி கோர ஊர் மன்றங்கள் இன்றும் மாநில அரசையும் உள்ளாட்சியையுமே நம்பியிருக்கின்றன.

இடுக்கியின் தமிழக எல்லையில் தேவிகுளம், பீர்மேடு தோட்டத் தமிழர்களின் பிள்ளைகளுக்கு அந்த வழியும் எளிதல்ல. குடியிருக்கும் லயம் முதல் பந்தாடும் திடல் வரை பெரும்பாலும் தோட்ட நிர்வாகத்தின் பிடியில்! நிலம் காட்ட இயலாத ஊராட்சி எதை வைத்து விண்ணப்பிக்கும்?

திறமைக்குக் குறைவில்லை. 2010 ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற பிரீஜா ஸ்ரீதரன் இடுக்கிக்காரர். பாலக்காட்டில் முண்டூர் பள்ளி தந்த பயிற்சியில் வளர்ந்த தொழிலாளி மகள் பி.யு.சித்ரா, 2017-ல் 1,500 மீட்டரில் ஆசிய சாம்பியன் ஆனார். குத்தகைத் தோட்டங்களில் திடலுக்கு நிலம் ஒதுக்குவதைக் கேரள அரசு முதலில் நிபந்தனையாக்கட்டும்.