மூன்று மனிதர்கள், ஒரே விரல்

2013ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் தேதி வெளியான ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5’ என்ற வீடியோ விளையாட்டு, மூன்றே நாள்களில் நூறு கோடி டாலருக்கு விற்பனையானது. இதுவரை 20 கோடிக்கும் அதிகமான பிரதிகள் விற்றுள்ளன. சிறுபிள்ளை விளையாட்டு என்று நாம் ஒதுக்கிவிடக் கூடியது அல்ல இது.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைப் போன்று அமைக்கப்பட்ட ஒரு கற்பனை நகரம். அதில் மூன்று கதைநாயகர்கள். வங்கிக் கொள்ளையிலிருந்து ஓய்வுபெற்று, வசதியான வீட்டில் நிம்மதியின்றி வாழும் மைக்கேல். ஏழ்மையான பகுதியிலிருந்து முன்னேறத் துடிக்கும் இளைஞன் ஃபிராங்க்ளின். மூர்க்கத்தனமே உருவான டிரெவர். ஆடுபவர் ஒரு பொத்தானை அழுத்தி ஒருவரிலிருந்து மற்றவருக்கு மாறலாம்.

இதில் ஒரு காட்சி பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. அரசுப் புலனாய்வு அமைப்பின் கட்டளைப்படி, கட்டிவைக்கப்பட்ட ஒருவரை டிரெவர் சித்திரவதை செய்கிறான். எந்தக் கருவியால் என்பதை ஆடுபவரே தேர்ந்தெடுக்க வேண்டும். வலியில் அவர் சொல்வதோ தாடி, இடக்கைப் பழக்கம், புகைப் பழக்கம் போன்ற சில அடையாளங்கள். அவற்றை நம்பி, தொலைவிலிருந்து மைக்கேல் ஒருவரைச் சுட்டுக் கொல்கிறான். ஒருவன் வதைக்கிறான், மற்றவன் சுடுகிறான், அதிகாரி ஆணையிடுகிறார். பழி மூவருக்கும் பங்கிடப்பட்டு, யாருக்கும் முழுதாக உறுத்தவில்லை. ஆனால், இரண்டையும் செய்தது ஆடுபவரின் ஒரே விரல்தான்.

சித்திரவதையால் உண்மை வெளிவராது என்று பின்னர் டிரெவரே சொல்கிறான். 2014ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியான அமெரிக்க மேலவைப் புலனாய்வுக் குழுவின் அறிக்கையும், சி.ஐ.ஏ.வின் கொடூர விசாரணை முறைகள் பயனளிக்கவில்லை என்றே கூறியது. எனவே, இக்காட்சி வெறும் வக்கிரம் என்றும் நாம் முடிவுகட்ட இயலாது.

வன்முறை விளையாட்டுகளைச் சிறாருக்கு விற்பதைத் தடுத்த கலிபோர்னியா சட்டத்தை, 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருத்துச் சுதந்திரத்தின் பெயரால் செல்லாததாக்கியது. இத்தகைய விளையாட்டுகள் வன்முறைக் குற்றங்களுக்குக் காரணம் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று, அமெரிக்க உளவியல் கழகம் 2020இல் தெரிவித்தது. ஆகவே, ‘ஆடுகிறவன் கொலைகாரனாவான்’ என்று பிள்ளைகளை அச்சுறுத்துவது நேர்மையாகாது. அவர்களும் அதை நம்பமாட்டார்கள்.

நாம் கவலைகொள்ள வேண்டியது வேறொன்று. ‘சொன்னார்கள், செய்தேன்’ என்பது சித்திரவதைக் கூடங்களில் காலங்காலமாக ஒலித்த சாக்கு. அந்தச் சாக்குக்கு நம் மனச்சான்று பழகிவிடக் கூடாது. ஐரோப்பாவில் 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு என முத்திரையிடப்பட்ட இவ்விளையாட்டைச் சிறுவருக்கு வாங்கித் தராதிருப்பது பெற்றோரின் கடமை. வளர்ந்த பிள்ளை ஆடினால், ஒருநாள் அருகில் அமர்ந்து பார்ப்போம். அக்காட்சி முடிந்ததும் கோபமின்றிக் கேட்போம்: “இதை இப்போது செய்தது டிரெவரா, நீயா?”

பதில் வரத் தாமதமானால், அந்த மௌனத்தை நாம் கலைக்க வேண்டாம்.