ஓய்வுக்கும் அறுபதுக்கும் இடையில்

ஐம்பது வயதைக் கடந்து விருப்ப ஓய்வு பெற நினைப்பவர்கள் வைப்புநிதி, பணிக்கொடை, வீட்டுக் கடனின் மீதம் என எல்லாவற்றையும் கணக்கிட்டுப் பார்க்கிறார்கள். மருத்துவக் காப்பீட்டுக் கணக்கு மட்டும் பெரும்பாலும் கடைசிக்குத் தள்ளப்படுகிறது. 53 வயதில் விருப்ப ஓய்வில் வந்தவன் நான். அந்த முடிவைப் பரிசீலிக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஏறத்தாழ ஒன்றுதான்: “வேலையை விட்ட மறுநாள் நெஞ்சுவலி வந்தால் யார் பணம் கட்டுவது?”

மத்திய, மாநில அரசுகளின் ஓய்வூதியர்களுக்குத் தனித் திட்டங்கள் இருக்கின்றன. தனியார் துறையினரின் நிலை வேறு. நிறுவனம் எடுத்துத் தரும் குழுக் காப்பீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் அதுவும் போய்விடும். பெரும்பாலான குழுக் காப்பீடுகளில், ஏற்கெனவே உள்ள சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு கிடைக்கும். புதிதாகத் தனிநபர் பாலிசி எடுப்பவரோ அதே நோய்களுக்கு 36 மாதங்கள் வரை காத்திருக்க நேரிடலாம்.

இதற்குத் தீர்வே இல்லை என்று சொல்லிவிட முடியாது. குழுக் காப்பீட்டிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற விதிகள் இடமளிக்கின்றன. அப்படி மாறினால் ஏற்கெனவே கழிந்த காத்திருப்புக் காலமும் கணக்கில் சேரும். ஆனால், விண்ணப்பதாரரின் உடல்நிலையைப் பரிசீலித்து முடிவெடுக்கும் அதிகாரம் நிறுவனத்திடம் இருக்கிறது. ஆக, காப்பீடு யாருக்கு அதிகம் தேவையோ, அவருக்கே கதவு மூடப்படும் வாய்ப்பும் அதிகம்.

அரசின் அண்மைக்காலச் சலுகைகள் வரவேற்கத்தக்கவை. 2024 அக்டோபரில், 70 வயதைக் கடந்த அனைவருக்கும் வருமான வரம்பின்றி ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு அளிக்கப்பட்டது. 2025 ஜனவரியில், மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்துவதானால் தன்னைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கான 18 சதவீத ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டது.

இவற்றில் ஜி.எஸ்.டி. விலக்கைத் தவிர மற்றவை 60 அல்லது 70 வயதில்தான் தொடங்குகின்றன. 52 வயதில் வெளியே வருபவருக்கு முதல் வாசலை அடையவே எட்டு ஆண்டுகள் ஆகும். சம்பளம் நின்று, நோய்கள் தலைகாட்டி, வயதுக்கேற்பப் பிரீமியமும் ஏறும் காலம் அதுதான்.

“தாமாக விரும்பி ஓய்வு பெறுபவர்களுக்கு அரசு ஏன் உதவ வேண்டும்?” என்று கேட்கலாம். ஆனால், ‘விருப்ப ஓய்வு’ என்பது பலருக்குப் பெயரளவில் மட்டுமே விருப்பம். 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் 12,000க்கும் மேற்பட்ட பணியிடங்களைக் குறைக்கப்போவதாக அறிவித்தபோது, பாதிக்கப்படுவோர் பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலைப் பணியாளர்கள் என்று கூறப்பட்டது. இந்த வயதில் வேலை இழப்பவர்களில் பலருக்கு அதுவே ஓய்வாகவும் ஆகிவிடுகிறது.

இதற்கான முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. இ.எஸ்.ஐ. திட்டத்தில் குறைந்தது ஐந்து ஆண்டுகள் காப்பீடு பெற்றிருந்து ஓய்வு பெறுபவர், ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தினால் தமக்கும் வாழ்க்கைத் துணைக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம். விருப்ப ஓய்வு பெறுபவர்களுக்கும் இது பொருந்தும். ஆனால், 2017 முதல் இத்திட்டத்துக்கான ஊதிய வரம்பு மாதம் 21,000 ரூபாயிலேயே நிற்கிறது. அதற்கு மேல் சம்பளம் வாங்கும் நடுத்தர வர்க்கத்தினருக்கு இத்தகைய தொடர்ச்சி கிடையாது.

நான் கேட்பது இலவசம் அல்ல. குழுக் காப்பீட்டிலிருந்து விலகுபவர், உரிய பிரீமியம் செலுத்தினால், மருத்துவப் பரிசோதனை என்ற தடையின்றித் தனிநபர் பாலிசிக்கு மாறுவதை உரிமையாக்க வேண்டும். பிரீமிய உயர்வுக்கான கட்டுப்பாட்டை 50 வயதிலிருந்தே தொடங்க வேண்டும். பணி விடுவிப்புக் கடிதத்துடன் இந்த மாற்றுவழி குறித்த விவரத்தையும் தருவது நிறுவனங்களின் கடமையாக வேண்டும்.

அதுவரை ஓய்வை யோசிப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: வேலையில் இருக்கும்போதே, உடல்நலத்தோடு இருக்கும்போதே, சொந்தமாக ஒரு பாலிசி எடுத்துக் காத்திருப்புக் காலத்தைக் கழித்துவிடுவது. விலகல் கடிதம் எழுதுவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே தொடங்க வேண்டிய வேலை அது.